பிரிட்ஜைத் திறக்கச் செருப்பு: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவினருக்கு,

வணக்கம். நாட்டின் மின்சாரத்தை ஒழுங்குபடுத்துவது உங்கள் பொறுப்பு என்பதால், பழைய வாடகை வீடுகளின் மின் பாதுகாப்பைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பழைய வீட்டின் முன்பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். ஓட்டுக் கூரை, சிவப்புச் சிமெந்துத் தரை, உயரமான யன்னல்கள். வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார். வாடகையை வாங்க அவருடைய உறவினர் ஒருவர் மாதம் ஒருமுறை வந்துபோவார்.

இந்த வீட்டில் இரண்டு வருடமாக எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிரிட்ஜைத் திறப்பதென்றால் செருப்புப் போட்டுக்கொண்டுதான் திறப்போம். வெறுங்காலோடு தொட்டால் விரல் நுனி விறுவிறுக்கும், மழை நாளில் இன்னும் கூடும். அம்மா அதற்கென்றே ஒரு சோடி ரப்பர் செருப்பைக் குசினி வாசலில் வைத்திருந்தார். வீட்டுக்கு யார் வந்தாலும், "பிள்ளை, அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு திற" என்பார். பழைய வீடுகள் அப்படித்தான் என்று பக்கத்து வீட்டு அக்காவும் சொன்னார். நாங்களும் நம்பிவிட்டோம்.

ஐப்பசி மழைக்குள் ஒரு நாள், குளித்துவிட்டு வந்த என் மகள் ஈரக் காலோடு பிரிட்ஜ் கதவைப் பிடித்தாள். கையை எடுக்க முடியவில்லை. அவள் கத்திய கத்தலில் நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அன்றிரவு அவளுடைய கையைப் பிடித்தபடியே விடியும் வரை இருந்தேன். இந்த மடலை எழுத வைத்தது அந்த இரவுதான்.

அடுத்த நாள் வந்த, வயரிங் வேலை செய்யும் பாஸ் காட்டியதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். கசிவு பிரிட்ஜில் இல்லை, குளியலறை ஹீட்டரில் இருந்தது. பழைய வீடுகள் பலவற்றில் போல, எங்கள் வீட்டிலும் கசியும் கறண்டை மண்ணுக்குள் இறக்கும் ஏர்த் வயரைத் தண்ணீர் வரும் இரும்புக் குழாயில்தான் கட்டியிருந்தார்கள். இரும்புக் குழாய் மண்ணுக்குள் ஓடுவதால் அந்தக் காலத்தில் அது போதுமானதாக இருந்திருக்கிறது. பிறகு எப்போதோ குழாய் ஒழுகி, பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள். சுவருக்குள் ஒரு முழ இரும்புத் துண்டு மட்டும் மிஞ்ச, ஏர்த் வயர் அதில் கட்டியபடியே கிடந்தது. மண்ணுக்குப் போக வழியில்லாத கறண்ட், அதே ஏர்த் வயர் வழியாகத் திரும்பிப் பிரிட்ஜின் உடம்புக்கு வந்திருக்கிறது. குழாய் வேலை செய்தவருக்கு ஏர்த் பற்றித் தெரியாது. அவரை நான் குறை சொல்லவில்லை.

கறண்ட் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச்? பெட்டிக்குள் அழகாக இருந்தது. ஆனால் கறண்ட் அதற்குள்ளால் போகவில்லை. மழைக்கு அடிக்கடி விழுகிறது என்று முன்பிருந்தவர்கள் காலத்தில் யாரோ அதை 'டிரெக்ட்' பண்ணிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை நாங்கள் ஒரு நாளாவது அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கும். அழுத்த வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரக் கம்பியோடு ஏர்த் வருவதில்லை. ஒவ்வொரு வீடும் தன் நிலத்தில் ரொட் எனும் உலோகக் கம்பியை அடித்துத் தன் ஏர்த்தைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும். அந்த ரொட்டுக்கும் மண்ணுக்கும் இடையிலான தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் முழுவதும் கசிந்தாலும் அதன் வழியே 11.5 ஆம்பியர்தான் ஓடும். 15 ஆம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. பியூஸ் வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் அப்படியல்ல. அந்த அளவு கசிந்ததும் 0.3 செக்கனுக்குள் விழுந்துவிட வேண்டும் என்பதே அதற்கான தரம். நம் வீடுகளில் ட்ரிப் சுவிட்ச் இல்லையென்றால் உயிருக்கு வேறு காவல் இல்லை.

புதிதாக மின் இணைப்புத் தரும்போது வயரிங்கைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு? ஐம்பது வருடம் போனாலும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இதற்கிடையில் சோற்றுக் குக்கர், ஹீட்டர், ஏசி எல்லாம் வந்துவிடுகின்றன. 15 ஆம்பியர் இணைப்பு தாங்குவது 3,450 வொட்ஸ். ஹீட்டரும் கேத்தலும் ஒன்றாக ஓடினாலே அது முடிந்துவிடும். வெள்ளவத்தையில் ஒரு வீட்டை மூன்று அனெக்ஸாகப் பிரிக்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலும் புதுக்கடையிலும் அறைக்கு நடுவே பலகை அடித்து இரண்டு குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். பெட்டி அதே பீங்கான் பியூஸ் பெட்டி. பியூஸ் அடிக்கடி போகிறதென்று அதற்குள் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வயர் நிறங்களைப் பற்றியும் பாஸ் கவலைப்பட்டார். முன்பு கறண்ட் வரும் லைவ் வயர் சிவப்பு, அது திரும்பும் நியூட்ரல் வயர் கறுப்பு. இப்போது மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல். ஆனால் மூன்று லைவ் வயர் வரும் பழைய மூன்று பேஸ் வயரிங்கில் நீலம் ஒரு பேஸ், புதியதில் கறுப்பு ஒரு பேஸ். பழையதும் புதியதும் ஒரே பெட்டிக்குள் கலந்திருந்தால், அனுபவமுள்ள கைகூட நிறத்தை நம்பி ஏமாறலாம். கலந்த பெட்டியில் ஓர் எச்சரிக்கை ஒட்டுத்தாள் கட்டாயமாக இருக்க வேண்டும், மூன்று மொழியிலும்.

சரி, நான் கேட்பதற்கு வருகிறேன். பழைய வீடு என்றதும் எல்லோரும் "முழுதாக ரீவயர் பண்ண வேண்டும்" என்கிறார்கள். உண்மைதான். ரப்பர் உறை போட்ட பழைய வயர் காய்ந்து, தொட்டால் உதிரும். அதை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் செலவு லட்சக்கணக்கில் என்றதும் வீட்டுக்காரர் போனை வைத்துவிடுகிறார், வாடகைக்கு இருப்பவர் வாயை மூடிக்கொள்கிறார், ஒன்றுமே நடப்பதில்லை. அதனால் நான் முழு ரீவயரிங்கைக் கேட்டு வரவில்லை. இரண்டே இரண்டு பொருளைக் கேட்கிறேன்: மண்ணைத் தொடும் ஏர்த், விழ வேண்டிய நேரத்தில் விழும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச். வாடகைக்கு விடும் எந்த வீட்டிலும், குடியிருப்பவர் மாறும் ஒவ்வொரு முறையும், இவை இரண்டையும் மீட்டர் வைத்து அளந்து எழுத்தில் தர வேண்டும் என்று விதி கொண்டுவாருங்கள். ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தால் கசிவைத் தேட வேண்டும். 'டிரெக்ட்' பண்ணுவது குற்றமாக வேண்டும்.

நொத்தாரிசு எழுதும் வாடகை ஒப்பந்தத்தில் எத்தனை ஃபேன், எத்தனை பைப், சுவரில் ஆணி அடிக்கலாமா என்பதெல்லாம் இருக்கிறது. இந்தச் சோதனைத் தாளும் அதோடு சேர்ந்து ஒரு பக்கமாக இருக்கட்டும். தமிழிலும் இருக்க வேண்டும். என் அம்மாவுக்கு வாசிக்கத் தெரிந்த மொழி அதுதான், வீட்டில் பகல் முழுவதும் இருப்பவரும் அவர்தான். சோதிப்பவர் என்விகியூ எனும் தேசிய தொழில் தகைமையும் அனுமதியும் உள்ளவராக இருக்கட்டும். ஏர்த்தை அளக்கும் கருவி எல்லா பாஸ்மாரிடமும் இல்லை. வட்டாரத்துக்கு ஒன்றாவது வாடகைக்குக் கிடைக்க வழி செய்தால் பெரிய உதவி. காசில்லாத குடும்பங்களுக்கு ட்ரிப் சுவிட்ச், ரொட் இரண்டின் செலவையும் மாத மின் கட்டணத்தில் தவணையாகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

விதவிதமான பிளக்குகளோடு கிடந்த நாட்டில் 13 ஆம்பியர் சதுர முனைப் பிளக்கைத் தேசியத் தரமாக்க முன்நின்றது நீங்கள்தான். அதையே செய்ய முடிந்த உங்களால் இதையும் செய்ய முடியும் என்று நம்பித்தான் எழுதுகிறேன். அந்தப் பிளக்கிலும் இன்னும் வேலை மிச்சமிருக்கிறது. இரண்டு முனை சார்ஜரை நுழைக்க, பிளக் பொயின்ட்டின் மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்தும் பழக்கம் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் உண்டு. பாடசாலைப் பிள்ளைகளே அதைச் செய்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்குப் புது ரொட்டை முற்றத்துக் கறிவேப்பிலை மரத்தடியில் அடித்திருக்கிறோம். புது ட்ரிப் சுவிட்சும் போட்டாயிற்று, ஹீட்டரைக் கழற்றியாயிற்று. செலவு எங்களுடையது, வாடகையில் கழிக்க வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி மகள்தான் டெஸ்ட் பட்டனை அழுத்துகிறாள். அம்மா மட்டும் செருப்பை இன்னும் குசினி வாசலிலிருந்து எடுக்கவில்லை. உங்கள் அலுவலகம் கொள்ளுப்பிட்டியில், எங்கள் ஒழுங்கையிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரம்தான். உங்களில் ஒருவர் வந்தால், சுவருக்குள் இருக்கும் அந்த ஒரு முழ இரும்புத் துண்டைக் காட்டுகிறேன். அதை மூட வேண்டாம் என்று பாஸிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்