சவுத் சைடுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் வந்துவிட்டது, பள்ளி ஆண்டும் முடியப் போகிறது, விடுமுறையில் மறந்து போவதற்குள் நன்றியைச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் சிகாகோவின் சவுத் சைடில் ஒரு அரசுப் பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது உங்களில் பலருக்குத் தெரியும். "அங்கேயா? துப்பாக்கிச் சத்தம் கேட்குமே, வேற ஸ்கூல் கிடைக்கலையா?" என்று கேட்பவர்களும் உங்களில்தான் இருக்கிறீர்கள். கேட்கும், உண்மைதான். ஆனால் அங்கே என்னால் பாடம் நடத்த முடிகிறது என்றால், அதற்குக் காரணமானவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே தெருக்களில் குடியிருப்பவர்கள்.

முதல் நன்றி, பிள்ளைகள் பள்ளிக்குப் பத்திரமாக நடந்து வந்துபோகத் தெருவில் காவல் நிற்கிற சேஃப் பேசேஜ் ஆட்களுக்கு. 2009இல் ரோஸ்லேண்ட் பகுதியில் டெரியன் ஆல்பர்ட் என்ற 16 வயது மாணவன் பள்ளி விட்டதும் தெருவில் நடந்த சண்டையில் அடித்துக் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. 2013இல் நகரம் ஒரே வீச்சில் 50 பள்ளிகள் அளவுக்கு மூட, பிள்ளைகள் வேறு கும்பலின் தெருவைத் தாண்டிப் புதுப் பள்ளிக்கு நடக்க வேண்டி வந்தபோது இது இன்னும் பெரிதானது. பளிச்சென்ற மேலங்கி போட்டுக்கொண்டு, காலையும் மாலையும் தெருமுனையில் நிற்பார்கள். கையில் ஆயுதம் கிடையாது. எங்கள் முனையில் நிற்கிற அம்மாவுக்கு அந்தப் பேட்டையில் எந்தப் பையன் யார் பேரன், யாருக்கும் யாருக்கும் நேற்று ராத்திரி வாய்த்தகராறு என்பதெல்லாம் அத்துபடி. "இன்னைக்கு அந்த ரெண்டு பேரையும் ஒரே கதவு வழியா வெளியே விடாதீங்க" என்று அவர் சொன்னால் நாங்கள் விடமாட்டோம், ஏன் என்று கேட்பதுகூட இல்லை. ஜனவரிக் குளிரில், நான் காரிலிருந்து கதவு வரை ஓடுகிற நேரத்தில், அவர் அங்கேயே நின்றுகொண்டு ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்தது, பையன்கள் உட்கார்ந்து பேசி, கோபத்தில் நிதானிக்கப் பழகுகிற பிகமிங் எ மேன் வட்டத்தை நடத்துகிற அண்ணனுக்கு. வாரம் ஒரு பாடவேளை, பையன்கள் மட்டும். முதல் நாளே ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, இன்னொருவனிடம் "30 விநாடிக்குள் அதை வாங்கு" என்பார்கள். உடனே இழுபறி, மல்லுக்கட்டு. கடைசியில் "ஏன்டா, கேட்டுப் பார்த்தியா?" என்று கேட்டால் ஒருத்தனும் கேட்டிருக்க மாட்டான். இந்த வட்டத்தில் இருந்த பையன்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாவது கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்ததைச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டார்கள். எனக்கு அந்த ஆய்வைவிடப் பெரிய சாட்சி, என் வகுப்பில் ஒருவன் கோபத்தில் எழுந்தவன், அப்படியே நின்று மூச்சு விட்டு, திரும்ப உட்கார்ந்ததுதான்.

போன அக்டோபரில் எங்கள் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குப் பேருந்து நிறுத்தத்தில் தொடையில் குண்டு பட்டது. யாருக்கோ வைத்த குறி. பிழைத்துவிட்டான். பக்கத்துப் பெரிய மருத்துவமனையிலேயே குண்டுக் காயத்துக்கு அவசர சிகிச்சைப் பிரிவு இருந்ததால்தான் பிழைத்தான், அந்தப் பிரிவும் சும்மா வந்ததில்லை. 2010இல் டேமியன் டர்னர் என்ற 18 வயது இளைஞர் சிகாகோ பல்கலைக்கழக மருத்துவமனைக்கு மிக அருகிலேயே சுடப்பட்டும், பெரியவர்களுக்கான அவசரக் காய சிகிச்சை அங்கே இல்லாததால் பல மைல் தள்ளிக் கொண்டுபோகப்பட்டு இறந்தார். அவருடைய நண்பர்கள் வருடக்கணக்காகப் போராடி, 2018இல் அந்தப் பிரிவைத் திறக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு டீச்சரின் கும்பிடு.

அப்புறம், குண்டு பட்ட எங்கள் பையன் வீட்டிலிருந்தபடியே பாடம் படிக்க மூன்று அலுவலகங்களோடு போனில் மல்லாடி அனுமதி வாங்கிய எங்கள் ஆபீஸ் கிளார்க், நோட்டை மாற்றி மாற்றி எடுத்துப்போன வகுப்புத் தோழிகள், காயத்துக்கு மேலே எப்படி இறுக்கிக் கட்டுவது என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லித்தர வந்த நர்ஸுகள், போகும்போதெல்லாம் பீச் பழ இனிப்பைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய அவனுடைய பாட்டி. அந்தப் பாட்டிக்குத்தான் நான் ஏதாவது கொண்டுபோயிருக்க வேண்டும், சரி, முறுக்கு கொடுத்திருக்கிறேன்.

சிகாகோ புறநகர்களான நேப்பர்வில், அரோரா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களே, நீங்கள் அனுப்பிய குளிர் கோட்டுகள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகளோடு நிற்க வைத்துப் படம் கேட்டவர்களுக்கு நான் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன், கோவித்துக்கொள்ள வேண்டாம். பெயர்கூடச் சொல்லாமல் பையை வைத்துவிட்டுப் போன அந்த அக்காவுக்கு ரெண்டு மடங்கு நன்றி.

ஆகஸ்டில் மறுபடியும் கேட்பேன். இந்த முறை கோட்டு வேண்டாம், பழைய கால்குலேட்டர் இருந்தால் எடுத்து வையுங்கள், பேட்டரியோடு.