ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: சேற்றுத்துணிப் பயிற்சி பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்தப் பருவத் தையல் பாடத்துக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மாலி நாட்டு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ் செய்தூவின் பணியை எடுத்திருக்கிறோம். ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

தலைநகர் பமாக்கோ அருகே காத்தி என்ற ஊரில் 1949-இல் பிறந்தவர். அம்மா பூத்தையல் செய்பவர். உள்ளூர்த் தையற்காரரிடம் தொழில் பழகி, ஐவரி கோஸ்ட் நாட்டு அபிஜான் நகரம் வழியாக 1970-களில் பாரிஸ் சேர்ந்தார். பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் மீதிருந்த மதிப்பில் 'கிறிஸ்' என்ற பெயரைத் தானே வைத்துக்கொண்டார். 1994-இல் பமாக்கோவில் மறைந்தார்.

அவர் பெயர் நிலைக்கக் காரணம் போகோலான் எனப்படும் மாலியின் சேற்றுத்துணி. ஆண்கள் கைத்தறியில் நெய்த ஒடுக்கமான பருத்திப் பட்டைகளை ஒட்டித் தைத்து, ஒரு மரத்தின் இலைச்சாற்றில் முக்கி மஞ்சளாக்குவார்கள். (அந்த மரம் நம் மலைக்காட்டு வெக்காலிக்கு நெருங்கிய உறவு.) குளத்தடிச் சேற்றை மாதக்கணக்கில் புளிக்கவைத்துப் பெண்கள் அதன்மேல் கோலம் தீட்டுவார்கள். சேற்றிலுள்ள இரும்பு இலையின் துவர்ப்போடு சேர்ந்து கருமையாகும்.

இதில் கோட்டு தைப்பதுதான் சிக்கல். துணி கனம், கோலம் ஒரே அளவில் திரும்ப வராது. வெட்டினால் இடக்கையும் வலக்கையும் பொருந்தாது. சடங்குப் பொருளுள்ள கோலத்தை வெட்டவே செய்தூ முதலில் தயங்கினார். பிறகு எளிய, சீரான கோலங்களாகச் சொல்லிச் செய்யவைத்தார். 1990-இல் ஆலையில் அச்சடிக்கவும் வடிவம் தந்தார். தையற்காரர் துணியையே திருத்தியது பெரிய காரியம் என்பது எங்கள் கருத்து.

பிள்ளைகளும் அதுபோல உடைக்கேற்பக் கோலத்தை அமைக்கப்போகிறார்கள்: முதலில் உடையின் பாகங்களுக்குக் காகிதத்தில் அச்சு வெட்டி, அதன் எல்லையைத் துணியில் குறித்துவிட்டு, பிறகே தீட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஒரு மீட்டர் காடாத்துணி கொடுத்தனுப்புங்கள். கஞ்சி போக வெந்நீரில் அலசியிருக்க வேண்டும். கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள்: உருகி மணியாகச் சுருண்டால் பாலியெஸ்டர் கலப்பு, வேண்டாம். 50 கிராம் கடுக்காய்த்தூளை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, அதில் அரைமணி நேரம் ஊறவைத்து வெயிலில் காயவையுங்கள். ஊறிய பின் அலசக்கூடாது; துவர்ப்பு போய்விட்டால் கருப்பு ஏறாது.

சேற்றுக்குப் பதிலாக இரும்பும் வெல்லமும் ஊறிய கரைசலைப் பள்ளியிலேயே வைத்திருக்கிறோம். அது மிகுந்தால் துணி நாளடைவில் இற்றுவிடும் என்பதால் வீட்டில் முயல வேண்டாம். சீருடையில் பட்டால் கறை போகாது, பழைய சட்டை ஒன்றும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்