மாதம் ஒரு டெஸ்ட் போதும் என்று எழுதியவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் காப்பீடு கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், வீட்டிலேயே ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்) பார்க்கும் கருவிக்கும் அதன் ஸ்ட்ரிப்புக்கும் மெடிக்கல் பாலிசியில் பணம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கிடைக்காது என்று உங்கள் நிபுணர் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. எனக்கும் கிடைக்கவில்லை. ஆனால் அதோடு நிறுத்தாமல், "மாதம் ஒரு முறை லேபில் 300 ரூபாய்க்குப் பார்த்துக்கொள்ளும் டெஸ்டுக்கு வீட்டில் ஒரு கருவி தேவைதானா?" என்றும் எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கேட்டவர் இனி தன் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார், பத்திரிகையிலேயே போட்டுவிட்டார்களே என்று விட்டுவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இதயத்தின் மைட்ரல் வால்வுக்குப் பதிலாக மெட்டல் வால்வு வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் தொண்டை வலி, பிறகு மூட்டு வீக்கம், பிறகு ருமாட்டிக் காய்ச்சல் என்று போய் வால்வைக் கெடுத்த கதை. எங்கள் பக்கத்தில் இது எத்தனை வீட்டில் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டே வளர்ந்தேன், அதுவும் ஊசி மருந்து வந்திருந்தால்தான். மருந்து இல்லை, அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. சில வருடங்களுக்கு முன் அந்த ஊசித் தட்டுப்பாட்டைப் பற்றி உங்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். நீங்கள் போடவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கலாம், சரி.

மெட்டல் வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க, ரத்தம் கட்டாமல் இருக்க அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிட வேண்டும். என் மாதிரி மைட்ரல் வால்வுக்காரர்களுக்கு ஐஎன்ஆர் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் வால்வில் ரத்தம் கட்டி மூளைக்குப் போகும், ஏறினால் எங்கே ரத்தம் கசியும் என்று தெரியாது. டெஸ்டே தேவைப்படாத புது மாத்திரைகள்தான் வந்துவிட்டனவே என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அவை எங்களுக்கு இல்லை. டாபிகாட்ரான் என்ற மருந்தை மெட்டல் வால்வுக்காரர்களிடம் பரிசோதித்தபோது ரத்தக்கட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது, 2012-லேயே அந்த ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆகவே எங்களுக்குப் பழைய மாத்திரையும் அதற்கான டெஸ்டும்தான் கதி.

மாதம் ஒரு முறை என்பது எல்லாம் சீராகப் போகிறவர்களுக்கான கணக்கு. ஒரு காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எடுத்தால் நாலைந்து நாளில் எண் ஏறிவிடும். நாலு நாள் தொடர்ந்து முருங்கைக்கீரை சாப்பிட்டால் இறங்கும், விரதம் இருந்தால் மாறும், வயிற்றுப்போக்கு வந்தால் மாறும். அடுத்த மாதம் லேபுக்குப் போகும்வரை உடம்பு காத்திருக்குமா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல் வீக்கத்துக்கு ஒருவர் மெட்ரோனிடசோல் எழுதிக்கொடுத்தார். வால்வு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அந்த வாரக் கடைசியில் மூக்கிலிருந்து ரத்தம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஐஎன்ஆர் 7-ஐத் தாண்டியிருந்தது. பிளாஸ்மா ஏற்றி, வைட்டமின் கே கொடுத்து, ஐசியூவில் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த பில்லை என் காப்பீட்டு நிறுவனம் ஒரு கேள்வி கேட்காமல் கட்டியது. அந்த ஒரு பில் பணத்தில் பல வருடத்துக்கு ஸ்ட்ரிப் வாங்கியிருக்கலாம். அதன் பிறகுதான் அண்ணன் உதவியோடு கருவியை வாங்கினோம். கருவி பல பத்தாயிரம் ரூபாய், ஸ்ட்ரிப் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய். எங்கள் பாலிசியில் கூடுதல் பணம் கட்டி ஓபிடி செலவும் (ஆஸ்பத்திரியில் சேராமல் பார்த்துக்கொள்ளும் செலவு) சேர்த்திருந்தோம், அதில் 'பரிசோதனைச் செலவு' என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. டாக்டர் சீட்டோடு அனுப்பினோம். வீட்டு உபயோகச் சாதனம், ஏற்பதற்கில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. கருவிக்கு இல்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஸ்ட்ரிப்புக்குமா? விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அந்த ஸ்ட்ரிப்பில் வைக்கிறேனே, அது பரிசோதனை இல்லாமல் வேறு என்ன?

லேபுக்கே போகலாம் என்கிறார் நிபுணர். எந்த லேபுக்கு? எங்கள் ஊர் லேபில் ரத்தம் எடுத்து டவுனுக்கு அனுப்புகிறார்கள், ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம் வரும். நீல மூடிக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் இருக்க வேண்டும், கோடுவரை நிரப்ப வேண்டும். பாதிக் குழாயோடு எடுத்துப் போவதைப் பார்த்து நானே தடுத்திருக்கிறேன். அப்புறம், ஒவ்வொரு லேபும் வாங்கும் ரசாயனம் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டத்தான் உலக சுகாதார நிறுவனம் 1983-ல் ஐஎன்ஆர் என்ற முறையையே கொண்டுவந்தது. புது பாட்டில் திறக்கும்போது அதில் போட்டிருக்கும் ஐஎஸ்ஐ எண்ணை (அந்த ரசாயனத்தின் வீரியத்தைக் காட்டும் எண், தர முத்திரை அல்ல) மெஷினில் மாற்றாவிட்டால் ரிசல்ட் தப்பாக வரும். ஒரே நாளில் இரண்டு லேபில் கொடுத்து, ஒன்றில் மாத்திரையைக் கூட்ட வேண்டிய எண்ணும் மற்றதில் குறைக்க வேண்டிய எண்ணும் வந்து, எதை நம்புவது என்று தெரியாமல் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பேராவூரணிப் பக்கம் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை, தென்னை மரங்கள் விழுந்து ரோடு இல்லை, எந்த லேபும் திறக்கவில்லை. அப்போது என்னிடம் கருவி இல்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். கருவிக்கு பேட்டரி போதும், ஒரு நிமிடத்தில் எண் வந்துவிடும். மிக அதிகமாகக் காட்டினால் லேபிலும் ஒரு முறை பார்க்கச் சொல்வார்கள், அதை நான் மறுக்கவில்லை.

அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம் 2002-லேயே மெட்டல் வால்வுக்காரர்களுக்கு இந்த வீட்டு டெஸ்டை ஏற்றுக்கொண்டது. 2008-ல் வேறு சில நோயாளிகளையும் சேர்த்தது. சும்மா கொடுக்கவில்லை, மாத்திரை தொடங்கி மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், பயிற்சி எடுத்திருக்க வேண்டும், வாரம் ஒரு டெஸ்டுக்கு மேல் கிடையாது. இங்கேயும் அப்படி நிபந்தனை போடட்டுமே, யார் வேண்டாம் என்கிறார்கள்? 2010-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் வீட்டு டெஸ்டால் பக்கவாதமும் மரணமும் குறையவில்லையே என்று உங்கள் நிபுணர் சொல்லக்கூடும். அதையும் படித்தேன். அதில் ஒப்பிட்டது மாதாமாதம் தவறாமல் நல்ல கிளினிக்கில் பார்க்கப்பட்ட நோயாளிகளோடு. அந்த கிளினிக் பேராவூரணியில் எங்கே இருக்கிறது? 2016-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வில், தாங்களே பார்த்துக்கொண்டவர்களுக்கு ரத்தக்கட்டிப் பிரச்சினைகள் நன்றாகவே குறைந்திருந்தன.

வால்வையே நம் நாட்டில் செய்துவிட்டோம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் சித்ரா வால்வை 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள், வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத எத்தனையோ பேர் அதனால் பிழைத்தார்கள். அதே அக்கறையை வால்வு வைத்த பிறகான வாழ்க்கையில் யாரும் காட்டவில்லை. ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம்வரை மருந்து, டெஸ்ட் பில்லுக்கெல்லாம் காப்பீட்டில் பணம் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு ஆயுசுக்கும் நம் பாடு. புது பாலிசி எடுக்கப் போனால் ஏற்கெனவே இருந்த நோய் என்று வருடக்கணக்கில் காத்திருக்க வைத்தார்கள். 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி எடுத்தார்கள் என்று சந்தோஷப்பட்டோம், அடுத்த புதுப்பித்தலில் பிரீமியம் ஏறி அந்தச் சந்தோஷமும் போய்விட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் அந்தக் கேள்விக்கு மறுபடியும் பதில் போடுங்கள். டாக்டர் சீட்டு இருந்தால் ஸ்ட்ரிப் செலவை ஓபிடி பரிசோதனைச் செலவாகக் கேட்க முடியுமா என்று நிபுணர் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் விசாரித்து எழுதட்டும். மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும், பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற இணையப் புகார் தளம், பிறகு சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பு அதிகாரி, அங்கே கட்டணம் கிடையாது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். என் விண்ணப்பத்தை அங்கே அனுப்பப்போகிறேன், பதில் வந்தால் உங்களுக்கும் ஒரு நகல் வரும்.

இப்படிக்கு,
பேராவூரணி வாசகி