மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மலையுச்சி

லாங் பீச்,
கலிஃபோர்னியா

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். ஒரு பர்கர் சாப்பிட விமானத்தில் போவார்களா என்று போனில் கேட்டீர்களே, இங்கே அது சர்வசாதாரணம். பொதுப் பயன்பாட்டு விமான தளங்கள் மட்டுமே அமெரிக்காவில் ஏறத்தாழ ஐயாயிரம். பலவற்றில் ஓடுபாதையை ஒட்டியே சாப்பாட்டுக் கடை இருக்கும். ருசி பாதிக் காரணம்தான். ஆளை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டுமென்றால், முந்தைய 90 நாளுக்குள் பைலட் மூன்று முறையாவது விமானத்தைக் கிளப்பி இறக்கியிருக்க வேண்டும் என்பது சட்டம். போய்வர ஓர் இடம் இருந்தால் கைப்பழக்கம் விட்டுப்போகாது.

இந்தப் பக்கத்துப் பைலட்டுகளுக்குப் பிரியமான இடம், கடல் தாண்டி இருக்கும் காட்டலினா தீவு. கடல் மட்டத்திலிருந்து 1,602 அடியில், மலையுச்சியைச் சமப்படுத்திப் போட்ட 3,000 அடி ஓடுபாதை. அங்கே டிசி-3 கிரில் என்ற கடையில் பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) பர்கர் பிரசித்தம். 1924-இல் சினிமா படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்த பைசன்களின் வம்சம் இன்றும் அந்தத் தீவில் மேய்கிறது.

முதல் கணக்கு எடை. செஸ்னா 172எஸ் என்ற நாலு சீட்டுச் சின்ன விமானம் அதிகபட்சம் 2,550 பவுண்டோடுதான் கிளம்பலாம். வெறும் விமானமே 1,670 பவுண்டுக்குப் பக்கம். தலைக்கு 85 கிலோவாக நாலு பேர் ஏறினால் 750 பவுண்டு போய்விடும். பெட்ரோலுக்கு மிஞ்சுவது 130 பவுண்டு, அதாவது 21 கேலன். மணிக்கு ஒன்பது பத்து கேலன் குடிக்கும். தீவில் பெட்ரோல் கிடையாது. திரும்புவதற்கும், சட்டப்படி பகலில் கையிருப்பாக வேண்டிய அரை மணி நேரத்துக்கும் சேர்த்து இங்கிருந்தே கொண்டுபோக வேண்டும். அதனால் மூன்று பேரோடு போவதே உத்தமம்.

கடலைத் தாண்டும்போது உயரம்தான் உயிர். இன்ஜின் நின்றுபோனால் ஆயிரம் அடிக்கு ஒன்றரை கடல் மைல் மிதந்து வரலாம். நடுக்கடலிலிருந்து ஏதாவது ஒரு கரையைத் தொட ஆறாயிரம் அடியாவது வேண்டும். மிதவைச் சட்டையைப் பின்சீட்டில் போட்டுவைத்துப் பயனில்லை, மாட்டிக்கொண்டே ஏற வேண்டும்.

இறங்குவதுதான் நுணுக்கம். பெரும்பாலும் 22-ஆம் ஓடுபாதையில் (எண் திசையைக் குறிக்கும், 220 டிகிரி) தென்மேற்கு நோக்கி இறங்குவார்கள். அதன் ஆரம்பமே பள்ளத்தாக்கின் விளிம்பு. மேற்கிலிருந்து வரும் காற்று மேட்டைத் தாண்டி அந்த விளிம்பில் கீழே சரிகிறது. கடைசி நொடியில் விமானத்தை அமுக்கும். போதாததற்கு ஓடுபாதை முதலில் மேடேறுகிறது. கண்ணுக்கு நாம் அதிக உயரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். அதை நம்பித் தாழ்ந்தால் விளிம்பில் மோதுவோம். தரை தொட்ட பிறகு இன்னொரு ஏமாற்று: மேட்டின் உச்சியோடு ஓடுபாதை முடிந்துவிட்டதாகத் தெரியும், பதறி பிரேக்கை மிதிப்பார்கள். உச்சிக்கு அப்பாலும் பாதை இருக்கிறது. எதிர்முனையில் நிற்கும் விமானம் மட்டும் கண்ணில் படாது, ஆகவே ரேடியோவில் ஒவ்வொரு கட்டத்தையும் சொல்லியே ஆக வேண்டும்.

சாப்பிட்டு வந்தால் வெயில். 30 டிகிரியில் அந்த உயரத்துக் காற்று, இன்ஜினுக்கு 3,700 அடிக்கு மேலிருக்கும் காற்றுபோல மெலிந்துவிடும், ஏற்றம் மந்தம். அதோடு, சூட்டில் நின்ற இன்ஜினின் குழாய்களில் பெட்ரோல் ஆவியாகிவிடும், சுலபத்தில் கிளம்பாது. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் பிடியை மூடி, வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து, ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். பிடித்ததும் மிக்ஸ்சரை மெதுவாகத் தள்ள வேண்டும். சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் பேட்டரி தீர்ந்துவிடும், தீவில் மெக்கானிக் கிடைப்பது கஷ்டம்.

செலவைப் பகிரலாம், ஆனால் பைலட் தன் சம பங்கைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது. சம்பாதிக்க வேறு உரிமம் வேண்டும்.

நீங்களும் அண்ணியும் வருவதென்றால் செப்டம்பர், அக்டோபரில் வாருங்கள். மே, ஜூனில் கடல் மேகம் மத்தியானம்வரை கலையாது. டிக்கெட் போடும்போதே இருவருடைய எடையையும் எழுதி அனுப்புங்கள், குறைக்காமல்.

அன்புடன்,
உங்கள் தம்பி