பயிரோட தாகம் கூடிப்போச்சு, தண்ணி கணக்கு மட்டும் பழசாவே இருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். காலையில பேப்பர பிரிச்சதும் நான் முதல்ல தேடுறது மேட்டூர் நீர்மட்டத்ததான், டெல்டாவுல எல்லாருமே அப்படித்தான். அணையோட முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி எல்லாம் எங்க வீட்டு பசங்களுக்கே மனப்பாடம். 2023ல ஜூன் 12க்கே திறந்துட்டு அக்டோபர்ல மூடிட்டாங்க, 2024ல ஜூலை கடைசி வரைக்கும் திறக்கவே இல்ல, அதெல்லாம் நிறைய எழுதுனீங்க. ஆனா வந்த தண்ணிய பயிர் எவ்வளவு குடிக்குது, அது வருஷா வருஷம் எப்படி மாறுதுன்னு யாருமே பேசக் காணோம்.

நான் திருத்துறைப்பூண்டி பக்கம் வாய்க்கால் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடையில நெல்லு போடுறவன். முன்னாடி ஒரு தடவ தண்ணி கட்டுனா அஞ்சாறு நாள் நிக்கும், இப்ப ஜூன் வாக்குல தொடங்குற குறுவை நெல்லு பருவத்து வெயில்ல மூணாம் நாளே சேறு தெரியுது. மண்ணு அதே மண்ணுதான், மாறுனது வெயிலும் காத்தும். காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரம் பிடிக்கும்ங்கறாங்க, அந்த ஈரம் எங்க வயல்லேர்ந்தும் இலையிலேர்ந்தும்தானே போகுது. அதுலயும் பூக்குற நேரத்துல 35 டிகிரிய தாண்டுனா பூ மலடாகி பதராப் போயிடும், அந்த சமயம் வயல்ல தண்ணி நின்னாதான் பயிருக்கு கொஞ்சமாவது குளிர்ச்சி. மழை கை கொடுக்கும்னு பார்த்தா அதுவும் நேரம் கெட்டு வருது, 2021 ஜனவரியிலயும் 2023 பிப்ரவரியிலயும் அறுக்க வேண்டிய சம்பா நெல்ல சாய்ச்சுட்டுப் போச்சு.

தண்ணிய சிக்கனமா கட்டுங்க, காயவிட்டு பாய்ச்சுங்கன்னு சொல்றாங்க. ஓட்ட போட்ட பிளாஸ்டிக் குழாய வயல்ல புதைச்சு, உள்ள தண்ணி மண்ணுக்கு கீழ 15 சென்டிமீட்டர் இறங்குனதும் பாய்ச்சணும், பூக்குறப்ப மட்டும் காயவிடக்கூடாது. நல்ல முறைதான், நானே செஞ்சு பார்த்தேன். ஆனா அடுத்த முறை தண்ணி என்னைக்கு வரும்னு தெரிஞ்சாதானே தைரியமா காயவிட முடியும்? வாய்க்கால்கள்ல மாத்தி மாத்தி முறை வச்சு விடுறப்ப, முதல்ல தலைமடைக்கு வந்து சேர்ற தண்ணி எங்களுக்கு வர நாலஞ்சு நாள் தள்ளிப் போகுது, போர்வெல் போடலாம்னா எங்க பக்கம் உப்புத்தண்ணி. அதனால வந்தப்பவே வரப்பு முட்ட கட்டி வச்சுக்கறோம், அதுல பாதி ஆவியாவும் கசிவாவும் போயிடுதுன்னு தெரிஞ்சேதான் கட்டுறோம். ஆபீஸ்ல போய் கேட்டா போன வருஷ அட்டவணையையே காட்டுறாங்க.

முறை நாள வெயிலப் பார்த்து வைக்கணும்ங்கறதுதான் என் கோரிக்கை. அனல் அடிக்கற வாரத்துல இடைவெளிய குறைங்க, மேகமூட்டமா இருந்தா தள்ளி விடுங்க, எதுவானாலும் தேதிய முன்கூட்டியே சொல்லிடுங்க. வேளாண் வானிலை நிலையங்கள்ல திறந்த தொட்டியில தண்ணி தினம் எத்தன மில்லிமீட்டர் ஆவியாகுதுன்னு அளக்கத்தான் செய்யறாங்க. அந்த நம்பர மேட்டூர் நீர்மட்டத்துக்கு பக்கத்துலயே நீங்க தினமும் போட்டீங்கன்னா, நாங்களும் அத வச்சு கேள்வி கேக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
திருவாரூர் மாவட்டம்