மதகுக்கு ஒரு சக்கரம் கேட்டு

மதிப்பிற்குரிய நீர்ப்பாசனத் துறை அதிகாரிகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியும். இந்தோனேசியாவின் மத்திய காலிமந்தானில், காஹாயான் ஆற்றுக்கும் காப்புவாஸ் ஆற்றுக்கும் நடுவில், போன வருஷம் நீங்கள் நீலப் பெயின்ட் அடித்துத் திறந்துவைத்த மதகு இருக்கிறதே, அந்த ஊர். பெயின்ட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. பலகையை ஏற்றி இறக்கும் சக்கரம்தான் இல்லை. விளிம்பில் நீர் கசியாமல் பிடிக்கிற ரப்பரும் இல்லை. திறப்பு விழா அன்றைக்கே இல்லை. எல்லாரும் மதகுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டதால் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அன்றிலிருந்து பலகை பாதியில் நிற்கிறது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. கடல் ஓதம் ஏறினால் ஆற்றுநீர் உள்ளே வருகிறது, வற்றினால் எங்கள் நீரும் சேர்ந்து வெளியே போகிறது. இதைப் பற்றி நான்கு மனு கொடுத்தோம். நான்குக்கும் முத்திரை வைத்த ரசீது கிடைத்தது. ரசீதால் வாய்க்காலை அடைக்க முடியுமென்றால் இந்த மடலுக்கு வேலையே இல்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு வருஷமாகவே எங்கள் ஊரில் மதகு என்பது நாங்கள்தான். பழைய மதகு உடைந்த நாளிலிருந்து, ஓதம் அதிகமாகிற பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் முறை வைத்திருக்கிறோம், இரவுக்கு நான்கு பேர். நீர் ஏறத் தொடங்கியதும் காலாம் மரக் கம்புகளைக் குறுக்கே ஊன்றி, மண் மூட்டைகளை அடுக்கி அடைக்க வேண்டும். வற்றும்போது அத்தனையையும் திரும்ப எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் வடியாது. மூட்டையைத் தூக்குகிறவர்கள் பகலில் வயலுக்கும் போகிறவர்கள். பையன்கள் பள்ளியில் தூங்கி விழுகிறார்கள் என்று ஆசிரியர் புகார் சொன்னார். என்ன பதில் சொல்வது? மதகு ராத்திரியில் தூங்கவில்லை ஐயா, அதனால் பகலில் தூங்குகிறது என்றா?

போன பௌர்ணமி அன்று நாள் முழுக்க மழை. இரவு இரண்டு மணிக்கு மேல் ஓதம் ஏறியது. அன்று முறையில் இருந்தவர்களில் ஒருவர் என் பக்கத்து வீட்டுப் பெரியவர். அறுபதைத் தாண்டியவர். மகன் எண்ணெய்ப்பனைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டதால் மகனுடைய முறைக்கு அவர் வந்தார். நெஞ்சளவு நீரில் நின்று கடைசி மூட்டையை வைக்கும்போது அடியில் இருந்த மூட்டை கிழிந்தது. அடைப்பு மொத்தமும் சரிந்து அவரையும் இழுத்துக்கொண்டு போனது. முப்பது அடி தள்ளி ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். உயிர் இருக்கிறது. வலது தோள் இறங்கிவிட்டது. அறுவடைக்கு அவரால் கை தூக்க முடியாது.

நாற்று போய்விட்டது. நாற்றுதானே என்று நினைத்துவிடாதீர்கள், இது நகரத்துக்காரர்களுக்கு விளங்காத கணக்கு. சியாம் என்கிற எங்கள் உள்ளூர் நெல் மூன்று இடம் மாறி வளர்கிற பயிர். முதலில் மேட்டில் விதைப்போம், அது தாராடாக். அங்கிருந்து பிடுங்கி வயலோரத்தில் கொத்தாக நடுவோம், அது அம்பாக். மறுபடி பிரித்து லாச்சாக். அப்புறம்தான் வயல். இந்த மண்ணின் பஞ்சார் மக்களிடம் எங்கள் அப்பா கற்றுக்கொண்ட முறை இது. எண்பதுகளில் ஜாவாவிலிருந்து அரசாங்கம் கூட்டிவந்து இறக்கிவிட்டபோது, ஜாவா நெல்லை இங்கே போட்டு ஒரு மணி கூட எடுக்காத பிறகு கற்றது. வருஷத்துக்கு ஒரே போகம். விதையிலிருந்து கதிர் வரை ஒன்பது, பத்து மாதம். லாச்சாக் நான்கு நாள் நீருக்குள் கிடந்து அழுகினால் திரும்ப விதைக்கக் காலம் கிடையாது. அடுத்த வருஷம் வரை கடையில் அரிசி வாங்கித்தான் சாப்பிட வேண்டும். நெல் விளைகிற ஊரில்.

கோடையில் கதை வேறு. பலகை இறங்காததால் வாய்க்கால் நீர் ஓடிவிடுகிறது. அடிமண்ணில் இருக்கும் பைரைட் என்கிற கந்தகத் தாது காற்றுப்பட்டால் அமிலமாக மாறும் என்பது உங்கள் அதிகாரிகளே வந்து எங்களுக்கு வகுப்பெடுத்த விஷயம். வாய்க்கால் துருநிறமாகிவிடுகிறது. மேலே எண்ணெய்ப் படலம். காலில் சிராய்ப்பு இருந்தால் அதில் இறங்க முடியாது. சுண்ணாம்பு போடச் சொன்னீர்கள், போட்டோம். நீரைப் பிடித்துவைக்காமல் சுண்ணாம்பு மட்டும் என்ன செய்யும்?

இதில் வெட்கக்கேடு, எங்கள் ஊரிலேயே வெல்டிங் பட்டறை இருக்கிறது. இரண்டே நாளில் சக்கரம் செய்து மாட்டிவிடலாம், செலவை ஊரே போட்டுக்கொள்ளும் என்று சொன்னோம். அரசுச் சொத்தில் பொதுமக்கள் கைவைக்கக் கூடாது என்று பதில் வந்தது. சரி. அந்த அரசுச் சொத்தைப் பெரியவர் தோளால் தாங்கினாரே, அதற்கும் அனுமதி வாங்கியிருக்க வேண்டுமோ?

இந்தத் தாழ்நிலத்துக்கு அரசாங்கம் செலவே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1995-இல் அதிபர் சுகார்த்தோ ஒரு கையெழுத்தில் 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்குகிறேன் என்றார். 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். நெல் வரவில்லை. மக்கிய செடிகொடிகளால் ஆன கரிமண்ணில் இருந்த நீர்தான் வடிந்தது. காய்ந்த மண் 1997-இல் பற்றி எரிந்தது. 1999-இல் திட்டத்தை மூடினார்கள், கால்வாயை மூடவில்லை. 2015-இல் மறுபடி எரிந்தது. பக்கத்து நாடுகள் வரை புகை போனது. அதற்கப்புறம் நிலத்தை எரிக்காதே என்று ஊருக்கு ஊர் பலகை வந்தது. எங்கள் ஊர்ப் பலகை மதகுப் பலகையை விடப் பெரியது, நேராகவும் நிற்கிறது. 2020-இல் அதிபர் ஜோகோ விடோடோ காப்புவாஸ் மாவட்டத்துக்கு வந்து உணவுக் களஞ்சியம் என்றார். பொக்லைன்கள் வந்தன. இத்தனை கோடி பணத்தில் ஒரு இரும்புச் சக்கரத்துக்கு இடமில்லாமல் போனது எப்படி? ஆற்றோரத்துப் பஞ்சார்காரர்கள் கையாலேயே ஹாந்தில் என்கிற சிறு வாய்க்கால் வெட்டி, மரப்பலகையால் தாபாட் என்கிற தடுப்புப் போட்டு நீரை நிறுத்துகிறார்கள். அதற்கு யாரும் ரிப்பன் வெட்டவில்லை. அது ஒழுங்காக வேலை செய்கிறது.

மன்னிக்க வேண்டும். சக்கரம் கேட்க உட்கார்ந்தவன் அதிபர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். எங்களுக்குப் புதுக் கால்வாய் வேண்டாம், புது விதை வேண்டாம், விழாவும் வேண்டாம். இருக்கிற மதகுக்குச் சக்கரமும் ரப்பரும் வேண்டும். அதற்கு நிதி இல்லையென்றால், நாங்களே மாட்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதுவே போதும். பெரியவருக்கு வைத்தியச் செலவுக்கு ஏதாவது வழியுண்டா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை, நான் கேட்கிறேன்.

அடுத்த பௌர்ணமிக்கு முன்னால் தயவுசெய்து ஒருமுறை வந்து பாருங்கள். பகலில் வேண்டாம், பகலில் மதகு அழகாகத்தான் இருக்கும். இரவு தங்குங்கள், சாப்பாடு எங்கள் வீட்டில். பெரிய படகில் கிளம்பிவிடாதீர்கள். வாய்க்காலில் மண் ஏறிக் கிடக்கிறது, சின்னக் கெலோத்தோக் படகு மட்டும்தான் உள்ளே வரும். மதகுக்கு நூறு மீட்டர் முன்னால் அதுவும் தட்டும். அங்கிருந்து நடக்க வேண்டும், மாற்று உடை எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
இரவு முறையில் இரண்டாம் குழுவைச் சேர்ந்த ஒரு விவசாயி