பெண்ணின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, எல்லோருக்கும் நன்றி

சபையாருக்கும், ஊர் ஜனங்களுக்கும், சம்பந்தி வீட்டாருக்கும் ஸ்தோத்திரம்.

மகளை நேற்றுத்தான் மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். பந்தல் இன்னும் பிரிக்கவில்லை, வாடகைப் பாத்திரம் திண்ணையிலேயே கிடக்கிறது. மனசு நிறைந்திருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

தை மாதம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அறுக்கிற நேரத்து மழையில் எங்கள் வயலோடு உங்கள் வயலும்தான் சாய்ந்து கிடந்தது. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து தொடங்குவதற்குள் கல்யாணம் என்று நாள் குறித்து, கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையும் வாசித்த பிறகு நிறுத்தியதும் தெரியும். அதையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

சேற்றிலும் ஓடுகிற பெல்ட் வைத்த அறுப்பு மிஷினை இறக்கி, அறுத்தவரைக்கும் கிடைத்த நெல்லை ரோட்டில் கொட்டியிருந்தோம். கையை உள்ளே விட்டால் சூடு, புளித்த வாடை. அரசாங்க நெல் கொள்முதலுக்கு வழக்கமான ஈரப்பத அளவு 17 சதவீதம். அதற்குள் வர வேண்டுமென்றால் பகலெல்லாம் காலால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், பொழுது சாய்ந்ததும் பனி இறங்குவதற்குள் கூட்டிக் குவித்துப் படுதா போட வேண்டும். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். நான் ஒருத்திதான்.

கோயிலில் முதல் மணி அடித்தது. நான் நிமிரவில்லை. அப்போதுதான் வடக்குத்தெரு ஆயா வந்தார். நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல, மாரியம்மனுக்கு வருஷம் தவறாமல் விரதம் இருக்கிறவர். எங்கள் வயலில் நடவு நட்டவர். அந்தக் கூலியிலேயே நாங்கள் பாக்கி வைத்திருந்தோம். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லுக்குள் இறங்கினார். “மணி அடிச்சிட்டாங்க. நீ போயி ஒங்க சாமிகிட்ட ஒக்காந்துட்டு வா ஆத்தா. நெல்லு எங்கயும் ஓடிடாது” என்றார்.

சேறு பட்ட சேலையோடு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். வயல் விளையாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாவிட்டாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொல்லும் இடத்தை அன்று எங்கள் சபைப் போதகரான ஐயர் வாசித்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட வசனம்தான். வயல் விளையாமல் போன வாரத்தில் அதைக் கேட்டது அன்றுதான். அழுதுவிட்டேன். கடன் அப்படியேதான் இருந்தது, பயமும் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் வெள்ளத்தில் இறங்கினவருக்குக் கால் தரை தட்டினது போல இருந்தது. அதற்குப் பிறகு ராத்திரியில் தூங்கினேன்.

திரும்பி வந்து பார்த்தால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நெல் சால் சாலாகக் கிடக்கிறது. முளைவிட்டதையும் கறுத்ததையும் தனியாக ஒரு கோணியில் அள்ளி வைத்திருக்கிறார். “இத கோழிக்குப் போடு, நல்லதோட கலந்துடாத” என்றார். கால் முழுக்கச் சுணை பட்டுத் தடித்திருந்தது. கூலி கொடுக்கப் போனேன், கையைத் தள்ளிவிட்டார். “மொதல்ல புள்ள கல்யாணத்தப் பாரு.” நெல் மூட்டையாகிப் போகும் வரை காலையில் எனக்கு முன்னால் அவர்தான் ரோட்டில் நின்றார். பணம் வந்ததும் நடவுக் கூலி பாக்கியை வாங்கிக்கொண்டார். அந்த நாட்களுக்கு மட்டும் கடைசி வரை வாங்கவில்லை. கர்த்தர்தான் அனுப்பினார் என்று சொன்னால் ஆயா சிரிப்பார். நான் அப்படித்தான் நம்புகிறேன்.

நாம் தரங்கம்பாடிப் பக்கத்து ஜனங்கள். டென்மார்க் ராஜா அனுப்பி 1706ல் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்குவின் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். வந்த இரண்டு வருஷத்தில் அவருடைய சொந்த ஆட்களே, டேனிஷ் கோட்டை அதிகாரிகளே, அவரைச் சுமார் 4 மாதம் சிறையில் அடைத்தார்கள். புதிய ஏற்பாட்டைத் தமிழில் எழுத அப்போதுதான் தொடங்கியிருந்தார். அது தரங்கம்பாடியிலேயே அச்சாகி முடிந்தது 1715ல். புது எருசலேம் ஆலயத்தை 1718ல் கட்டி முடித்தார், மறு வருஷம் 36 வயதில் இறந்துபோனார். இந்த மாதங்களில் அவரை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். அவர் நினைத்தபடி நடந்தது கொஞ்சம்தான். ஆனாலும் அவர் கைவிடப்பட்டவர் அல்ல. நாங்களும் அல்ல என்று இப்போது தைரியமாகச் சொல்லுவேன்.

அப்புறம், முகம் சுளிக்காமல் ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்ற சம்பந்தி வீட்டார், முன்பணத்தை அப்படியே வைத்திருந்த மண்டபத்துக்காரர், டிராக்டர் வாடகை வாங்காத தம்பி, கறியைக் கடனுக்குக் கொடுத்த பொறையாறு பாய், விடிய விடிய வெங்காயம் உரித்த பெண்கள் ஐக்கியம், பந்தி பரிமாறிய வாலிபர்கள், வீடு தேடி வந்து ஜெபித்த ஐயர், பெயர் சொல்லாமல் கவரில் பணம் வைத்துப் போனவர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

வருகிற தையில் நெல் வீடு வந்தால் அறுப்பின் பண்டிகைக்கு முதல் மூட்டை கோயிலுக்கு வரும். வராவிட்டாலும் அன்றைக்கு நாங்கள் ஆராதனையில் இருப்போம். இன்னொன்று. யார் நெல்லாவது ரோட்டில் ஈரமாகக் கிடக்கும்போது அவர்கள் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போக வேண்டியிருந்தால், என்னைக் கூப்பிடுங்கள். கிண்டிவிட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கல்யாணப் பெண்ணின் அம்மா